ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே: குடும்பத் தகராறைப் பேசித் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டில் எங்கள் தாத்தா வாங்கிப்போட்ட நாலு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தாவும் பாட்டியும் போன பிறகு சித்தப்பா மேலேயே தங்கித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பாவுக்குக் கீழே சேலத்தில் வேலை. ஆத்தூரில் கட்டிக்கொடுத்த அத்தை வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். ஒரு நாள் அப்பா, தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை ஒரு வியாபாரிக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டார். மரம் வெட்ட ஆள் வந்தபோதுதான் சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் தடுத்துவிட்டார், ஒரு மரமும் விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஆறு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட சித்தப்பா வரவில்லை.

அந்த ஆறு வருஷமும் தூது போனவர்கள் எல்லோரும் அவரிடம் பணக்கணக்கைத்தான் பேசினார்கள். முன்பணத்தில் பாதி, முழுவதும், மேலே கொஞ்சம் என்று தொகை ஏறிக்கொண்டே போனது. சித்தப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "எங்கண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டுச்சா?" எல்லோரும் அதைப் புலம்பல் என்று நினைத்தோம். அவருடைய கோரிக்கையே அதுதான் என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது.

அந்தத் தகராறைத் தீர்க்க நான் செய்ததையும், செய்யத் தவறியதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். பாகப்பிரிவினை, கூட்டு வியாபாரம், வரப்புத் தகராறு, சம்பந்தி வீட்டு மனக்கசப்பு எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே வழி பொருந்தும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அடி, மிரட்டல், வீட்டைவிட்டு வெளியே போகவிடாமல் தடுப்பது போன்றவை நடக்கும் இடத்தில் இந்த வழி வேண்டாம். பயத்தில் இருப்பவரை அழைத்து உட்காரவைத்து சமாதானம் பேசுவது அவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. அங்கே முதலில் பாதுகாப்பு. பெண்கள் 181-ஐ அழைக்கலாம்.

முதல் படி: இரண்டு கணக்கு எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் பொருள் கணக்கு: எத்தனை சென்ட், எவ்வளவு பணம், எந்தக் கிணறு, எந்தப் பாதை. வலது பக்கம் மானக் கணக்கு. இந்தத் தகராறில் யாருக்கு, 'நான் இந்தக் குடும்பத்தில் யார்' என்ற இடத்தில் அடிபட்டிருக்கிறது என்று அங்கே எழுதுங்கள்.

வலது பக்கம் பலருக்கு உடனே வராது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேச்சுவார்த்தை பற்றி ஆராய்ந்த ரோஜர் ஃபிஷரும் டேனியல் ஷபிரோவும் 2005-இல் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். எந்தப் பேச்சுவார்த்தையிலும் மனிதர் மனத்தைக் கிளறுவது பெரும்பாலும் ஐந்து விஷயங்கள் என்றார்கள். பாராட்டு, உறவு, தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை, அந்தஸ்து, தனக்கென்று ஒரு பங்கு. படித்தபோது எனக்கு அது ஏதோ வெளியூர்ச் சரக்காகத் தோன்றவில்லை. ஐந்தையும் நம் வீடுகளில் தினமும் கேட்கிறோம். "நான் பட்ட பாடு யாருக்குத் தெரியும்?" என்பது பாராட்டு கிடைக்காதவர் பேச்சு. "என்னை வேத்தாளா நினைச்சுட்டாங்க" என்றால் உறவில் அடி. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றால் முடிவெடுக்கும் உரிமை பறிபோயிருக்கிறது. "வயசுக்காவது மரியாதை வேண்டாமா?" அந்தஸ்து. "கையெழுத்துப் போட மட்டும்தான் நானா?" என்பது பங்கு இல்லாதவர் கேள்வி.

எதிராளி இந்த ஐந்தில் எந்த வாக்கியத்தை அதிகம் சொல்கிறார் என்று பாருங்கள். அதையே சொல் மாறாமல் வலது பக்கம் எழுதுங்கள். உங்களுடையதையும் எழுதுங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் எழுதிய தாளில் அப்பாவின் வலது பக்கம் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. அவர் பணத்துக்கு ஆசைப்பட்டார், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: நேரம், இடம், ஆள்

காப்பிப் பறிப்பு நடக்கும் மாதங்களில் தோட்டக்காரரிடம் எதையும் பேச முடியாது. ஆள் பற்றாக்குறை, மழை பயம், உலர்களத்தில் காய்கிற கொட்டை என்று மனம் முழுக்க அங்கே இருக்கும். நாங்கள் பறிப்பு முடிந்து மாசி மாதத்தில் மேலே போனோம். உங்கள் தகராறில் அதுபோல எது மூச்சுவிடும் நேரம் என்று பாருங்கள். கல்யாண வீடு, துக்க வீடு இரண்டும் வேண்டாம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் எல்லோரும் விறைத்துக்கொள்வார்கள்.

அழைப்பை நேரில் போய்ச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸப் குழுவில் "ஞாயிறு எல்லோரும் உட்கார்ந்து பேசலாம்" என்று ஒரு வரி போட்டால், யாரையும் கேட்காமல் முடிவு செய்தாகிவிட்டது என்ற பழைய காயமே மறுபடி திறக்கும்.

நடுவராக யாரைக் கூப்பிடுவது? நான் அப்பாவின் மகள், நடுவர் ஆக முடியாது. அது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. முதல் முறை தனியாகப் போய், "உங்கப்பா அனுப்புச்சா கண்ணு?" என்று சித்தப்பா கேட்ட ஒரே கேள்வியில் வாயடைத்துத் திரும்பினேன். இரண்டாம் முறை அத்தையின் கணவர், எங்கள் மாமா, உடன் வந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் மச்சான். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்பதால் பேச்சில் நிதானமும் உண்டு. நடுவருக்கு இரண்டு தகுதி போதும்: இரண்டு பக்கமும் அவர் முன்னால் அழ முடிய வேண்டும், எந்த ஒரு பக்கத்துக்கும் சாய அவருக்குக் காரணமும் இருக்கக் கூடாது.

ஊரில் செல்வாக்குள்ளவரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வைப்பது வேறு விஷயம். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2011-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், நடைமுறையிலும் அது உதவாது. நாலு பேர் முன்னால் தோற்றவர் வீட்டுக்குப் போய் மறக்க மாட்டார்.

மூன்றாம் படி: "என்ன வேணும்" என்று தொடங்காதீர்கள்

"சரி, உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்ட நொடியில் எதிராளி ஒரு தொகையோ, ஒரு துண்டு நிலமோ சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது, பின்வாங்குவது தோல்வி. அதனால் "என்ன நடந்துச்சு மச்சான், உங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க" என்றுதான் மாமா ஆரம்பித்தார்.

சித்தப்பா இரண்டு மணி நேரம் பேசினார். மரத்தைப் பற்றி மிகக் கொஞ்சம்தான். தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி விழுந்த வருஷம் செடி செடியாகப் பிடுங்கி எரித்ததைச் சொன்னார். தாத்தா நட்ட அராபிகா காப்பிச் செடிகளைத் தன் கையாலேயே நெருப்பில் போட்டதைச் சொன்னபோது குரல் போய்விட்டது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றியது, அந்தக் கொடி காய்க்கும் வரை காத்திருந்தது, அந்த மரத்தைத்தான் விலை பேசினார்கள் என்பது. கீழே இருந்தவர்களுக்கு அது மரம், விலை உண்டு. அவருக்கு அது இருபது வருஷம்.

கேட்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே திருப்பிச் சொல்லி, "சரியா சொல்றேனா?" என்று கேளுங்கள். "இல்ல, அப்படி இல்ல" என்றால் மறுபடி கேளுங்கள். "ஆமா" என்று அவர் சொல்லும் வரை உங்கள் நியாயத்தைத் தொடவே வேண்டாம். கேட்டுக்கொள்வதால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது.

நான்காம் படி: உணர்ச்சிக்குச் சரியான பெயர் வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தகராறு என்றதும் எல்லாவற்றையும் 'கோபம்' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று யோசியுங்கள். ஆத்திரம், ஆதங்கம், மனத்தாங்கல், வருத்தம், குமுறல், ரோஷம், வீம்பு, அவமானம், ஏக்கம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முன்பின் தெரியாத பஸ் கண்டக்டர் மேல் நமக்கு கோபம் வரும், மனத்தாங்கல் வராது. மனத்தாங்கல் சொந்தக்காரர் மேல் மட்டும்தான் வரும். அது இருக்கிறது என்றால் உறவு இன்னும் அறுந்துபோகவில்லை. ஆதங்கம் என்றால், இப்படி நடந்திருக்க வேண்டியதில்லையே என்ற ஏக்கமும் அதில் கலந்திருக்கிறது. வீம்பு என்றால், இறங்கிவர ஆசைதான், ஆனால் இறங்க ஒரு படி கிடைக்கவில்லை. வீம்பில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை, இறங்கப் படி போட்டுக் கொடுக்க வேண்டும்.

பெயர் வைப்பதற்கே ஒரு சக்தி உண்டு. மேத்யூ லீபர்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது பார்த்தவர்களின் மூளையில், அபாயத்துக்குத் துள்ளி எழும் அமிக்டலா என்ற பகுதி சற்று அடங்கியது. மாமா இதையெல்லாம் படித்தவர் இல்லை. சித்தப்பா மூச்சுவாங்க நிறுத்தியபோது, "உங்களுக்கு அண்ணன் மேல கோபம் இல்ல. மனத்தாங்கல்" என்றார். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "ஆமாங்க மாமா" என்றார். அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் பேசவேண்டியிருக்கவில்லை. காப்பி குடித்துவிட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் இறங்கி வந்தோம்.

ஒரு எச்சரிக்கை. பெயரைக் கேள்வியாக வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள். "உங்களுக்குப் பொறாமை" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது.

ஐந்தாம் படி: 'நம்ம ஆளு, அவங்க ஆளு' என்பதை உடையுங்கள்

ஆறு வருஷத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. நாங்கள் 'மலைக்காரங்க' என்போம், அவர்கள் 'டவுன்காரங்க' என்பார்கள். தாத்தாவின் பேரப்பிள்ளைகளான நாங்களே ஒருவருக்கொருவர் பொங்கல் வாழ்த்துச் சொல்வதை நிறுத்திவிட்டோம். எங்களுக்குள் சண்டையே இல்லை.

கட்சி பிரிய இவ்வளவுகூடத் தேவையில்லை. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஹென்றி டாஜ்ஃபெல் பள்ளிச் சிறுவர்களை இரண்டாகப் பிரித்தார். இன்ன ஓவியர் படம் பிடித்தவர்கள் ஒரு பக்கம், இன்னொருவர் படம் பிடித்தவர்கள் மறுபக்கம் என்று சொல்லிக்கொண்டார், உண்மையில் குலுக்கல்போலத்தான் பிரித்தார். பிறகு பணத்தைப் பங்கிடச் சொன்னபோது சிறுவர்கள் தங்கள் பக்கத்துக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். தங்கள் பக்கத்துக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் பரவாயில்லை, மறுபக்கத்தைவிட அதிகமாக இருந்தால் போதும் என்றுகூடப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். பங்காளிச் சண்டையில் 'எனக்கு நட்டமானாலும் அவனுக்குப் போகக் கூடாது' என்பது இதேதான்.

என்ன செய்யலாம்? உட்காரும்போது கட்சி கட்சியாக எதிரெதிரே உட்காராதீர்கள். "உங்க ஆளுங்க", "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற இரண்டையும் யாரும் சொல்வதில்லை என்று முதலிலேயே பேசி வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஓர் அடையாளத்தை வெளியே எடுங்கள். நாங்கள் தாத்தாவின் பழைய தோட்டக் கணக்கு நோட்டைக் கொண்டுபோய்ப் பாய் நடுவில் வைத்தோம். எல்லோரும் ஒரே பக்கமாகக் குனிந்து அதைப் படித்தார்கள்.

ஆளின் மேல் முத்திரை குத்துவது இன்னும் மோசம். சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பர், கொடுத்த வெள்ளிக்கும் திரும்பி வந்த கொலுசுக்கும் எடை இடிக்கிறது என்று வேலை செய்து தருபவரை எல்லோர் முன்னாலும் சந்தேகப்பட்டார். சில கிராம் சேதாரப் பிரச்சினை அது. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது 'திருடன்' என்ற சொல். பல வருஷம் கைநேர்த்தியோடு வேலை செய்தவர் மறுநாள் வரவில்லை. எடைபோடும்போது இருவரும் சேர்ந்து நின்று ஒரே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்ற ஏற்பாடு பிறகு வந்தது. அது முன்பே வந்திருந்தால் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. எண்ணைச் சரிபாருங்கள், ஆளை எடைபோடாதீர்கள்.

ஆறாம் படி: மானத்துக்கு விலை பேசாதீர்கள், திருப்பிக் கொடுங்கள்

தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் தாத்தா நட்ட பலாமரம் ஒன்று நிற்கிறது. அது யார் பங்கில் வருகிறது என்ற பேச்சு எழுந்தபோது, "அந்தத் துண்டுக்கு மட்டும் மார்க்கெட் விலையைவிடக் கூடவே தருகிறோம்" என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். சித்தப்பா எழுந்து போய்விட்டார்.

ஜெரமி ஜின்ஜஸ், ஸ்காட் ஆட்ரன் முதலியோர் இஸ்ரேலியரிடமும் பாலஸ்தீனரிடமும் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதை விளக்குகிறது. புனிதம் என்று கருதும் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்லி, கூடவே பணமும் தருகிறோம் என்றபோது மக்களின் கொதிப்பு கூடியது. எதிர்த்தரப்பும் தனக்குப் புனிதமான ஒன்றில் இறங்கி வந்தால் என்று கேட்டபோது கொதிப்பு குறைந்தது. அளவில் எங்கள் பலாமரம் எங்கே, அந்தப் போர் எங்கே. ஆனால் மனம் வேலை செய்யும் விதம் அதேதான்.

ஆகவே வலது பக்கக் கணக்கை வலது பக்கத்திலேயே தீர்க்க வேண்டும். கேட்காததற்கு மருந்து, கேட்காதது தப்பு என்று சொல்வது. மன்னிப்பில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். என்ன செய்தேன் என்பது பெயர் சொல்லி, அது உனக்கு என்ன செய்தது என்பது, இனி எப்படி என்பது. 'ஆனால்' வரக் கூடாது. "உன் மனசு புண்பட்டிருந்தா" என்ற 'இருந்தா'வும் கூடாது.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் ஆனது. அப்போதுதான் என் தாளில் காலியாக இருந்த இடம் நிரம்பியது. அந்த முன்பணம் என் கல்லூரிக் கட்டணத்துக்குப் போயிருக்கிறது. அந்த வருஷம் அவருக்குச் சம்பளம் நாலு மாதம் நிலுவை. தம்பியிடம் போய், "பணம் முடையா இருக்கு, மரத்தை விக்கலாமா?" என்று கேட்க மூத்தவருக்கு நாக்கு எழவில்லை. தம்பியைக் கேட்காமல் விட்டது அலட்சியத்தால் அல்ல, அண்ணன் என்ற மானத்தால். இரண்டு பேருடைய மானமும் ஒரே இடத்தில் முட்டி நின்றிருக்கிறது, நடுவில் ஆறு வருஷம் போயிருக்கிறது.

அவர் சித்தப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "உன்னைக் கேட்காம விலை பேசினது தப்பு. நீ வளர்த்த மரம். இனிமே உன்னைக் கேட்காம ஒண்ணும் இல்ல." கட்டண விஷயத்தை அவர் சொல்லவில்லை, சொன்னால் சாக்குப்போல இருக்கும் என்றார். மறுவாரம் மாமாதான் சொன்னார்.

ஏழாம் படி: இப்போது பொருளைப் பிரியுங்கள்

ஆறாம் படி முடிந்தால் இது பாதி வேலைதான். ஆனால் உரிமைக் கணக்கைச் சரியாகத் தெரிந்துகொண்டு உட்காருங்கள். தாத்தா தானே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்த சொத்தில், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இலேயே, அப்போது கல்யாணமாகாத மகள்களுக்குச் சம உரிமை கொடுத்தது, நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் 2005-இல் வந்தது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எங்கள் அத்தையிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம் என்றுதான் இரண்டு பக்கமும், அதில் மட்டும் ஒற்றுமையாக, நினைத்திருந்தது. அத்தை சொன்னார்: "எனக்கு வேணுமா வேண்டாமான்னு முதல்ல கேளுங்கடா. வேண்டாம்னு நானே சொல்றேன்." கேட்டார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முக்கால் ஏக்கரை வைத்துக்கொண்டு, சித்தப்பாவையே குத்தகைக்குப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது.

மீதியைப் பிரிக்கப் பெரியவர்கள் சொன்ன பழைய முறையைப் பின்பற்றினோம்: மூத்தவர் பிரிக்க, இளையவர் முதலில் எடுப்பது. தனக்கு எது வரும் என்று தெரியாததால் பிரிப்பவர் நேர்மையாகப் பிரிப்பார் என்பது இதன் தந்திரம். ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்தது. பிரிக்கும் வேலை மூத்தவருக்கு மூத்தவர் என்ற இடத்தைக் கொடுக்கிறது, எடுக்கும் உரிமை இளையவருக்கு 'என்னைக் கேட்டார்கள்' என்ற நிறைவைக் கொடுக்கிறது. சித்தப்பா பலாமரப் பக்கத்தை எடுத்தார். காய் இரண்டு வீட்டுக்கும் என்று எழுதச் சொன்னதும் அவர்தான்.

எட்டாம் படி: எழுதிப் பதியுங்கள்

வாய்ப்பேச்சு போதும், நமக்குள் எதற்குப் பத்திரம் என்று நெகிழ்ச்சியில் சொல்வார்கள். வேண்டாம். எல்லை, பாதை, தண்ணீர், மிளகு யாருக்கு, இந்த வருஷ விளைச்சல் யாருக்கு என்று எழுதி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, உட்பிரிவு செய்து பட்டாவையும் மாற்றுங்கள். குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு.

வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இல் சமரச மையம் தொடங்கியது, மாவட்ட நீதிமன்றங்களிலும் இன்று சமரச மையங்கள் இருக்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வழக்குப் போடும் முன்பே அங்கே போகவும் முடியும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. வழக்கு நடக்கிறதா என்பதைவிட, வாய்தாவுக்குப் போய் நிற்கும்போது ஒருவரையொருவர் முகம் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் சமரச மையத்தைக் கேளுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் வருஷம்

கையெழுத்துப் போட்ட பிறகு வரும் முதல் விளைச்சல், முதல் பண்டிகை, முதல் விசேஷம் மூன்றும் ஆபத்தானவை. பழைய பயம் அங்கே எட்டிப் பார்க்கும். ஏதாவது ஒன்று மாறும்போது, சின்னதாக இருந்தாலும், ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். பதில் தெரிந்திருந்தாலும் கேளுங்கள்.

இந்தத் தை மாதம் மிளகு பறிக்கும் நேரம். சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "வரப்போரம் நிக்கிற ரெண்டு ஓக் மரம் சாயற மாதிரி இருக்கு கண்ணு. கொடியைக் கழட்டிட்டுக் கிளையைக் கழிக்கலாமான்னு உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லு" என்றார். இரண்டும் அவர் பங்கில் நிற்கிற மரம். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனை அவரிடம் கொடுத்தேன்.